தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் சாப்பாட்டு அலமாரி: எந்த மரம், எந்தப் பூச்சு?

பட்டர்வொர்த் வாரக்கடைசி ஆசாரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறில் கார் நிறுத்தும் இடத்தில் மரத்தோடு இருப்பேன். இதுவரை செய்தது இரண்டு ஸ்டூல், ஒரு செருப்பு அலமாரி, மகளுக்கு ஒரு படிப்பு மேசை. அடுத்து செய்ய நினைப்பதைக் கெடுத்துவிடக் கூடாது, அதனால் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று வந்தேன்.

அம்மாவுக்கு 76 வயது. போன வருடம்தான் எங்களோடு இருக்க வந்தார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் அவரிடம் ஒரு சாப்பாட்டு அலமாரி இருந்தது. மலாய்க்காரர்கள் கெரொபோக் என்று சொல்வார்களே, அது. நான்கு கால், ஒவ்வொரு காலும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில். கதவிலும் பக்கங்களிலும் கம்பி வலை. பச்சைச் சாயம். மேல் தட்டில் மதியக் குழம்பு, நடுவில் ஊறுகாய் ஜாடியும் முறுக்கு டின்னும், கீழே வெங்காயம். பள்ளி விட்டு வந்ததும் நான் முதலில் திறக்கும் கதவு அதுதான். தோட்டத்தை விட்டு வந்தபோது லோரியில் இடமில்லை என்று அதை அங்கேயே விட்டுவிட்டோம். வேண்டாம் என்று சொன்னவன் நான். அப்போது எனக்கு 24 வயது, அது ஒரு பழைய சாமான், அவ்வளவுதான் எனக்கு.

இப்போது அம்மா வாழைப்பழத்தையும் பலகாரத்தையும் மேசைமேல் வைத்து மூங்கில் கூடையால் மூடி வைக்கிறார். எறும்பு எப்படியோ வந்துவிடுகிறது. அவர் குறை சொல்லவில்லை. கூடையைத் தூக்கிப் பார்த்து, தட்டி, ஊதி, மறுபடியும் மூடுகிறார். அதைப் பார்த்த நாளிலிருந்து இந்த அலமாரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அளவு: அகலம் 2 அடி, ஆழம் 16 அங்குலம், உயரம் காலோடு சேர்த்து 4 அடிக்குச் சற்றுக் குறைவு. கையில் இருக்கும் மரம் இரண்டு வகை. ஒன்று, 18 மில்லிமீட்டர் பால்மரப் (ரப்பர் மரப்) பலகை, சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி ஒட்டிய ஃபிங்கர் ஜாயிண்ட் பலகை. இன்னொன்று, லயங்களை இடித்தபோது மாமா எடுத்து வைத்த நான்கு சன்னல் கதவுகள். செங்கால் என்ற கெட்டி மரம். மேலே இரண்டு மூன்று அடுக்குப் பழைய சாயம்.

கேள்விகள் இவை. முழுவதும் பால்மரத்திலேயே செய்தால் கால்கள் தாங்குமா? சன்னல் மரத்தை எங்கே பயன்படுத்தலாம்? உள்ளே சாப்பாடு இருக்கும், அதற்கு எந்தப் பூச்சு? வெளியே வார்னிஷா, சாயமா? மனைவி மர ரேகை தெரிய வேண்டும் என்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செந்தூல் அரக்கு எழுதியது:

தம்பி, கோலாலம்பூரில் 30 வருடம் பாலிஷ் பட்டறையில் இருந்தவன் நான். நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் ஒரே ஒரு பூச்சைத் தேடுவதுபோல் தெரிகிறது, அதைத்தான் முதலில் விட வேண்டும். இந்த அலமாரியில் கால் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறது, கதவை நாளுக்கு இருபது தடவை ஈரக் கை தொடுகிறது, தட்டில் சூடான சட்டி உட்காருகிறது, உள் சுவரைச் சாப்பாட்டு ஆவி தொடுகிறது. நான்கு இடத்துக்கும் நான்கு விதமாக யோசியுங்கள்.

கால். சன்னல் கதவின் நிற்கும் சட்டங்கள்தான் உங்கள் கால்கள். நான்கு கதவுக்கு எட்டுச் சட்டம் இருக்கும், நல்லதாக நாலு தேறினால் போதும். செங்கால் தண்ணீருக்கு அஞ்சாத மரம், தீபகற்பத்தில் பாலத்துக்கும் படகுக்கும் போட்டது. பழைய கழுந்துத் துளைகள், அதாவது குறுக்குச் சட்டத்தின் முனையைச் செருகிய துளைகள், இரண்டு முனையிலும் இருக்கும், அவை எங்கே விழுகின்றன என்று பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். அறுப்பதற்கு முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள், ஒரு ஆணி போதும் ரம்பம் போய்விடும். ஒட்டும் இடத்தை ஒட்டுகிற அன்றே இழைத்துப் புது மரம் தெரிய வைத்துவிட்டுப் பசை போடுங்கள். திருகாணிக்கு முதலில் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் ஆணியின் தலைதான் முறியும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணி மட்டும்.

அந்தப் பழைய சாயத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். காய்ந்த சாயத்தின்மேல் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். சாயம் கரைக்கும் மருந்தைப் பூசி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் நல்ல முகமூடி, மகள் வீட்டுக்குள். சுரண்டியதை அப்படியே சுருட்டிக் கட்டி எறியுங்கள். அதன்பிறகு இழைப்புளியால் சுத்தமான மரம் தெரியும்வரை எடுங்கள். அப்படி எடுத்த மரமும் காலுக்கும் சட்டத்துக்கும் மட்டும். சாப்பாடு தொடும் தட்டுக்கு அது வேண்டாம்.

தட்டு. பலகையாகப் போடாதீர்கள். புதிதாக ஞாத்தோ மரமோ செங்காலோ வாங்கி, ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டிகளாக அறுத்து, விரல் நுழையும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஆணி அடிக்காமல் சட்டத்தின்மேல் சும்மா உட்கார வையுங்கள். அதற்குப் பூச்சே வேண்டாம். எடுத்துக் கழுவி வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடலாம். சூடான சட்டி வைத்தாலும் வெள்ளை வளையம் விழாது.

உள்பக்கம். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்வார்கள். உள்ளே எண்ணெய்ப் பூச்சு போட்டால் மாதக் கணக்கில் மணம் போகாது, பலகாரம் எல்லாம் ஆளி விதை எண்ணெய் மணம் அடிக்கும். உள்ளே அரக்கு போடுங்கள். அரக்குச் செதிலை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கரைப்பது, லிட்டருக்கு 120 கிராம் போதும், மூன்று மெல்லிய கை, அதாவது மூன்று பூச்சு. அரக்கு என்பது பூச்சி மரக்கிளையில் விடும் பிசின்தான். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாக அதைத்தான் போடுகிறார்கள். ஸ்பிரிட் பறந்தபின் மணமே இருக்காது. சூடும் சாராயமும் ஆகாது அதற்கு, ஆனால் உள் சுவரில் அவை எங்கே வரப் போகின்றன?

ஒன்று மட்டும்: மழை நேரத்தில் அரக்கு பூசாதீர்கள். ஸ்பிரிட் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். காலை பதினோரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வேலையை முடியுங்கள்.

வெளிப்பக்கம் வார்னிஷா சாயமா என்பது உங்கள் வீட்டுப் பேச்சு. நான் வார்னிஷ்காரன், ஆனாலும் இதில் அம்மாவைக் கேட்காமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

சுங்கை டுவா சமையல் எழுதியது:

எங்கள் தாத்தா எல்லா மரச் சாமானுக்கும் தேங்காய் எண்ணெய்தான் தேய்ப்பார். வார்னிஷ், அரக்கு என்று எதற்கு இவ்வளவு சிரமம்? நல்லெண்ணெய்கூடப் போதுமே.

செந்தூல் அரக்கு எழுதியது:

தாத்தா தேய்த்தது அரிவாள்மனைக் கட்டைக்கும் உலக்கைக்கும் இருக்கும், அங்கே அது சரி. தினமும் கழுவித் தேயும் சாமான் அது. அலமாரிக்கு வேண்டியது காற்றுப் பட்டதும் இறுகும் எண்ணெய். ஆளி விதை எண்ணெயும் டங் எண்ணெயும் இறுகும், தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது. நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், பிறகு சிக்கு வாடை வரும். எறும்புக்குப் பயந்து செய்யும் அலமாரியில் அதைப் பூச வேண்டாம்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஆளி விதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு உண்டாகி, குவியலுக்குள் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

பால்மரம் எழுதியது:

அண்ணே, நான் பால்மரப் பலகை ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கால் பற்றி அரக்கு அண்ணன் சொன்னதற்குக் காரணத்தை நான் சொல்கிறேன்.

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையால் நீலம் பாயும், துளைப்பான் வண்டு வரும். அதனால்தான் அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகிறோம். அந்தப் போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடக் கூடியது. ஈரத்திலேயே நிற்கும் காலில் இந்த மரத்தைப் போட்டால் முதலில் மருந்து போகும், பிறகு மரம் போகும். மேலே, ஈரம் தேங்காத இடத்தில் அது நல்ல மரம். இழைக்கச் சுகமாக இருக்கும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளும்.

பலகை அசையும் என்பதை மறக்காதீர்கள். சூளையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரத்தில் வரும் பலகை, நம் ஊரில் சன்னல் திறந்த வீட்டில் பதினைந்து வரை ஏறும். உங்கள் மேல் பலகை 16 அங்குலம் ஆழம் என்றால் ரேகைக்குக் குறுக்கே 3 மில்லிமீட்டர் வரை விரியும். அதை நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் வெடிக்கும். முன்பக்கம் இறுக்கி, பின்பக்கத்தில் நீள் துளை போட்டுத் திருகாணி பொருத்துங்கள். கதவைச் சுற்றி 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பினாங்குப் பக்கம் செப்டம்பர், அக்டோபர் மழையில்தான் கதவின் குணம் தெரியும்.

இன்னொன்று, இது வேலை சம்பந்தப்பட்டது இல்லை. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து, பால் வற்றியதும் வெட்டும் மரம் இது. முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகாகத்தான் போனது, பாலைத் தகடாக்கிப் புகை போடும் அடுப்புக்கே அந்த மரத்தை எரித்தார்கள். என் பாட்டி 40 வருடம் பால் வெட்டினார். பால்மரத்தில் செய்த ஒரு நாற்காலியில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. உங்கள் அம்மாவும் பால் வெட்டியவராக இருந்தால், கதவு எந்த மரம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் தாதி எழுதியது:

கிண்ணத் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. எறும்புக்காக வைக்கும் தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் இதற்கு அபராதம் உண்டு, ஆனால் அபராதத்தை விடுங்கள், டெங்கி வார்டில் நான் பார்ப்பது போதும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள், எறும்பும் மிதந்து தாண்டாது.

அப்புறம், தேங்காய்ப்பால் குழம்பை இராத்திரி முழுக்க அலமாரியில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் அன்பாகச் சொல்லுங்கள். ஆறும்வரை அலமாரி, பிறகு குளிர்சாதனப் பெட்டி.

பட்டர்வொர்த் வாரக்கடைசி ஆசாரி எழுதியது:

நான்கு பேர் சொன்னதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டேன். பால்மரம் அக்கா, அம்மா 31 வருடம் பால் வெட்டியவர்.

நேற்று இரவு சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பின்பக்கம் பலகையா போடப் போற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது கூடாது. காத்து உள்ளே வந்தா வெளியே போகணும். பலகை போட்டா பூசணம் பிடிக்கும். செவுத்த ஒட்டியும் வைக்கக் கூடாது, எறும்பு செவுத்து வழியா ஏறிடும்" என்றார். நான் வரைந்த படத்தில் பின்பக்கம் பலகை, அலமாரி சுவரோடு ஒட்டி. இரண்டு வாரமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. நான்கு பக்கமும் வலை என்று மாற்றிவிட்டேன். மேலேயும் அடியிலும் மட்டும் பலகை.

இரண்டு கேள்வி மிச்சம். வலையை எப்படிப் பொருத்துவது? சாயம்தான் என்று முடிவானால் எந்தச் சாயம்?

செந்தூல் அரக்கு எழுதியது:

அம்மாவே ஆசாரி. அவர் சொன்னபடி செய்யுங்கள்.

வலை: துருப்பிடிக்காத எஃகு வலை வாங்குங்கள், நீங்கள் கடலோரம், துத்தநாகம் பூசிய வலை சீக்கிரம் துருவேறும். சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு படி வெட்டி, அதில் வலையை வைத்து, மேலே மெல்லிய பட்டி போட்டுச் சின்னத் திருகாணியால் இறுக்குங்கள். ஸ்டேப்ளர் ஊசி வேண்டாம். பத்து வருடம் கழித்து வலை மாற்றுபவர் உங்களைத் திட்டக் கூடாது. பூச்சு எல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் வலை.

கதவுச் சட்டத்தின் மூலைகளுக்குக் கழுந்து போட முடிந்தால் நல்லது. கை இன்னும் பழகவில்லை என்றால் பாதிக்குப் பாதி வெட்டிப் பதித்து ஒட்டுங்கள், இந்த அளவுக் கதவுக்கு அது தாங்கும். ஒட்டும்போது மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கதவு நேர்.

சாயம்: பால்மரத்துக்குச் சாயம் அடிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஃபிங்கர் ஜாயிண்ட் பலகை, துண்டுக்குத் துண்டு நிறம் மாறும், வார்னிஷ் போட்டால் அது இன்னும் தூக்கித் தெரியும். செங்கால் காலை வார்னிஷோடு விட்டுவிட்டு மீதிக்குச் சாயம் அடியுங்கள். உங்கள் மனைவிக்கும் ரேகை கிடைக்கும். கால் அடியின் வெட்டு முகத்தில் வார்னிஷ் குடிக்கும்வரை குடிக்க விடுங்கள், தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். சாயத்துக்கு முன் 180ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்தி, அரக்கு ஒரு கை அடித்தால் அதுவே அடிப்பூச்சு. மெழுகு நீக்கிய அரக்காக வாங்குங்கள், மெழுகு இருந்தால் மேலே வருவது சரியாகப் பிடிக்காது. தண்ணீர்ச் சாயம் மணம் இல்லாதது, ஆனால் நம் ஊர் ஈரத்தில் கதவு விளிம்பும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் எனாமல் அடியுங்கள், மூன்று வாரம் கதவைத் திறந்தே வைத்து இறுக விடுங்கள்.

பட்டர்வொர்த் வாரக்கடைசி ஆசாரி எழுதியது:

ஜூலையில் கேட்டேன், இப்போது அக்டோபர் கடைசி. அலமாரி சமையலறையில் நிற்கிறது, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி.

செங்காலைச் சுரண்டவே மூன்று ஞாயிறு போனது. வெளியே பச்சை, அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே ஒரு மங்கிய நீலம். அந்த நீலம் நான் பிறப்பதற்கு முந்தியது என்று அம்மா சொன்னார். இழைப்புளி முதல் தடவை சுத்தமான மரத்தைத் தொட்டபோது வந்த சுருள் தேன் நிறத்தில் இருந்தது. அத்தனை வருட வெயிலுக்கும் மழைக்கும் பிறகு உள்ளே அப்படி ஒரு மரம்! ஒரு சுருளை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு தவறு செய்தேன். ஒரு சனிக்கிழமை மழை விட்டு ஐந்து மணி இருக்கும், ஒரு கைதானே என்று கதவின் உள்பக்கத்துக்கு அரக்கு பூசினேன். கண் முன்னாலேயே வெளுத்தது. அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. அரக்கு அண்ணனுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். வெயில் நாளில், ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் நிற்காமல் ஒருமுறை தடவச் சொன்னார். வெளுப்பு அப்படியே கரைந்து போனது. அண்ணே, நன்றி.

சாயம் வாங்க அம்மாவையும் அழைத்துப் போனேன். கடைக்காரர் முதலில் காட்டிய பச்சையைப் பார்த்து, "இது பள்ளிக்கூடத்துப் பச்சை" என்றார். அடுத்தது வாழைக் குருத்து மாதிரி இருந்தது, அதுவும் இல்லை. "முத்தின வெத்தலை" என்று சொல்லிக்கொண்டே நிறப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். கடைசியில் இருட்டான ஒரு பச்சையில் விரலை வைத்து, வேறெதையும் பார்க்காமல் புத்தகத்தை மூடினார்.

மழையில் வலது கதவு மட்டும் அடியில் உரசியது. 2 மில்லிமீட்டர் விட்டதாக நினைத்தேன், ஒரு மூலையில் ஒன்றுகூட இல்லை. இழைத்து, அந்த ஓரத்துக்குத் திரும்பச் சாயம் தொட்டுவிட்டேன்.

பால்மரம் அக்கா, நீங்கள் சொன்னபடி அவரிடம் சொன்னேன். கதவு பால்மரம் என்றதும் சாயத்தின்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மரத்துக்கு இவ்வளவு கனமா?" என்று மட்டும் கேட்டார்.

பால்மரம் எழுதியது:

அண்ணே, இதைப் படித்துவிட்டு வேலையிடத்தில் இருந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கிண்ணத்துக்கு என்ன செய்தீர்கள்? கால் நேராகத் தண்ணீரிலா நிற்கிறது?

பட்டர்வொர்த் வாரக்கடைசி ஆசாரி எழுதியது:

இல்லை அக்கா. அகலமான கெட்டிப் பீங்கான் கிண்ணம், அதன் நடுவில் கெட்டியான ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கால். கவிழ்த்ததன் அடிப்பாகம் தண்ணீருக்கு மேலே தெரியும், மரத்தில் ஈரம் படாது. சுற்றிலும் ஒரு அங்குலத் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அம்மா நான்கையும் எடுத்துத் தேய்த்துக் கழுவி மாற்றுகிறார். அலமாரியைத் தூக்கிப் பிடிப்பது நானும் மகளும்.